உருப்படி 47

கடல்முகப்பு வீட்டுத் திட்டத்தின் பம்பு அறையில் நான்காவது கருவியைத் திறந்துவைத்த அன்று, குத்துவிளக்கின் கடைசித் திரி பற்றுவதற்குள் மருந்துப் பம்பு பிசகத் தொடங்கிவிட்டது. அதைக் கவனித்தவர் ஒருவர்தான். மற்றவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

கவனித்தவர் பம்பு ஒப்பரேட்டர் கலீலுர் றஹ்மான். கிண்ணியாக்காரர், ஐம்பத்தேழு வயது. கட்டாரில் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையொன்றில் ஒன்பது வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர். பம்பின் சத்தத்தை அவர் காதால் கேட்பதில்லை, வயிற்றால் கேட்கிறார் என்று மனைவி றுக்கியா சொல்வாள்.

விசயம் பெரிதல்ல. குளத்திலிருந்து வரும் தண்ணீர் ஒரு குழாயில் ஓடுகிறது. குழாயில் ஒரு மீற்றர். இருபத்தைந்து லீற்றர் போனால் மீற்றர் ஒரு பல்ஸ், அதாவது ஒரு மின்துடிப்பு, கொடுக்கும். அந்தப் பல்ஸைக் கேட்டு மருந்துப் பம்பு ஒருதடவை ‘டக்’ என்று தட்டி, கொஞ்சம் குளோரினைக் குழாய்க்குள் விடும். குளத்துத் தண்ணீர் குடிதண்ணீராவது அந்த ‘டக்’கில்தான். அது போய்ச் சேரும் வீடுகள் இருநூற்றுப் பதினான்கு. எண்பத்தோராவது வீட்டில் கலீலின் மகள் சனூஸா இருந்தாள். அவளுடைய பிள்ளை அம்ராவுக்கு எட்டு மாதம்.

இந்தத் தண்ணீரைக் கொடுப்பதற்காக ஏற்படுத்தப்பட்டதுதான் கரையோர நீர் ஒருங்கிணைப்புச் சபை. திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்த மூன்று மாடிக் கட்டடம். தண்ணீர் கொடுப்பதற்கு அதில் ஒருவர் இருந்தார். ஒருங்கிணைப்பதற்கு நூற்றுப் பதினாறு பேர் இருந்தார்கள்.

முதலில் மீற்றரில் மருந்துப் பம்பு மட்டும்தான் கட்டியிருந்தது. பிறகு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அறிய வருமானப் பிரிவு விரும்பியது. அதே வயரில் தன் எண்ணும் கருவியைக் கட்டியது. வருமானப் பிரிவின் எண்ணிக்கையைத் திட்டமிடல் பிரிவு நம்பவில்லை. தன்னுடையதையும் கட்டியது. இரண்டையும் நம்பக்கூடாது என்பது பாதுகாப்புப் பிரிவின் கடமை. அதுவும் கட்டியது. கடைசியாக மக்கள் தொடர்புப் பிரிவு, சிவப்பு எழுத்தில் லீற்றர் ஓடிக்கொண்டிருக்கும் பலகை ஒன்றைச் சபை வாசலில் மாட்டி, அதன் வயரையும் கொண்டுவந்து அதே மீற்றரில் முடிந்தது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நாடா, ஒரு குத்துவிளக்கு, ஒரு தட்டுப் பால்சோறு.

சபையின் பணிப்பாளர் ஞானசேகரம் நாடாவை வெட்டிவிட்டுப் பேசினார்.

“ஒரு மீற்றர், ஒரு வயர், நாலு பிரிவு. முந்தி ஒரு பிரிவு சொல்லுற எண்ணிக்கையை மற்றப் பிரிவுகள் நம்பவேண்டிய நிலைமை இருந்தது. இண்டையிலிருந்து ஒரு பிரிவும் இன்னொரு பிரிவை நம்பத் தேவையில்லை. இதைத்தான் நாங்கள் ஒருங்கிணைப்பு எண்டு சொல்லுறது.”

கைதட்டல் அடங்கியதும் கலீல் பக்கத்தில் போய் நின்றார்.

“சேர், மருந்துப் பம்பு தவறுது.”

“எவ்வளவு தவறுது?”

“பத்துக்கு ஆறுதான் தட்டுது.”

“அறுபது வீதம்,” என்றார் ஞானசேகரம். “எங்கட சபையில அறுபது வீதம் வேலை செய்யிற ஒண்டு இருக்குதெண்டு நீங்கள் வெளியில சொல்லிப்போடாதேங்கோ. பிறகு எல்லாரிட்டயும் கேப்பினம்.”

எல்லோரும் சிரித்தார்கள். கலீலும் சிரித்தார். சிரித்துவிட்டுத் திரும்பவும் சொன்னார்.

“மீற்றர் ஒண்டும் அனுப்புறல்ல சேர். அது கதவு மாதிரி. தொறந்து மூடும், அவ்வளவுதான். கரண்டு குடுக்கிறது கேக்கிற கருவிதான். ஒரு கருவியெண்டாச் சரி. அஞ்சு கருவி ஒரே வயர்ல கரண்டு விட்டா, கதவு மூடினாலும் மூடின மாதிரித் தெரியா. எல்லாருக்கும் பிசகும்.”

“அதுக்கு என்ன செய்யச் சொல்லுறீங்கள்?”

“சவுக்காரக் கட்டியளவுல ஒரு பெட்டி இரிக்கி. ஒரு பல்ஸ வாங்கி, அஞ்சு பேருக்கும் வேற வேறயாக் குடுக்கும். ஒண்டோட ஒண்டு முட்டாது. கொழும்புல கடையில விக்குது.”

ஞானசேகரம் யோசித்தார். யோசிக்கும்போது பால்சோற்றை மெல்லுவதை நிறுத்தினார்.

“எந்தப் பிரிவு வாங்குறது?”

“எல்லாத்துக்கும் பொதுவானது சேர்.”

“அதுதான் பிரச்சினை. எல்லாருக்கும் பொதுவா ஒண்டை வாங்கிறதுக்கு இந்தச் சபையில படிவம் இல்லை.”

இருந்தாலும் விசயம் கவனத்தில் எடுக்கப்பட்டது. கூட்டம் நான்கு தரம் கூடியது. மருந்துப் பம்பின் சார்பில் யாரும் அழைக்கப்படவில்லை. அதற்கென்று ஒரு பிரிவு இல்லை. அது யாருக்கும் அறிக்கை அனுப்புவதில்லை. குளோரின் விடுவதைத் தவிர வேறு பொறுப்பு எதுவும் அதனிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை.

ஐந்து கருவியும் ஒரே நேரத்தில் கேட்டால்தானே பல்ஸ் பிசகுகிறது, முறைவைத்துக் கேட்கலாம் என்று முடிவாயிற்று. திங்கள் வருமானப் பிரிவு, செவ்வாய் திட்டமிடல், புதன் பாதுகாப்பு, வியாழன் மக்கள் தொடர்பு. வெள்ளிக்கிழமை யாருக்கு என்பது மேன்முறையீட்டில் இருந்தது. சனி ஞாயிறு அலுவலக விடுமுறை, ஆகவே பல்ஸுக்கும் விடுமுறை. நாலு பக்கம் திரும்பும் சுவிச் ஒன்றைப் பொருத்தினார்கள். மருந்துப் பம்பின் வயரைக் கட்டுவதற்கு அதில் ஐந்தாவது பக்கம் இருக்கவில்லை.

“சனி ஞாயிறயாவது மருந்துக்குத் தாங்க சேர்,” என்று கலீல் கேட்டார்.

“லீவு நாளில பல்ஸ் ஓடினால் மேலதிக நேர அனுமதி எடுக்கவேணும் றஹ்மான். ஆற்ற பேரில எடுக்கிறது? மீற்றற்ற பேரிலயா?”

“அப்ப குளோரின்?”

“குளோரின் முக்கியம்,” என்றார் ஞானசேகரம். “அதை நான் எல்லாக் கூட்டத்திலயும் சொல்லுறனான்.”

கலீல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று சொன்னார். மூன்றாவது வீட்டுப் படலையில் நிற்கும்போது பாதுகாப்புப் பிரிவின் ஆள் கடிதத்தோடு வந்துவிட்டார். சபையின் தண்ணீரைப் பற்றிச் சபையின் அனுமதியில்லாமல் கதைப்பது ஒழுக்காற்றுக் குற்றம். கடிதத்தில் நான்கு முத்திரை இருந்தது. அன்றைக்குப் பிறகு மகளுக்கு மட்டும் சொன்னார்.

சுவிச் போட்ட ஒன்பதாம் நாள் சனூஸா போன் எடுத்தாள்.

“வாப்பா, புள்ளைக்கு விடியத்துலருந்து வயித்தால போகுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கம்.”

“கொதிக்க வெச்சித்தானே குடுத்த?”

“குடிக்கக் குடுத்தது கொதிக்க வெச்சதுதான். குளிக்க வாக்கக்குள்ள வாயத் தொறந்திட்டுது. எட்டு மாசப் புள்ளைக்கு வாய மூடிக்கிட்டு இரி எண்டு நான் எப்பிடி வாப்பா சொல்ற?” பின்னால் வேறு பிள்ளைகள் அழும் சத்தம் கேட்டது. “எங்கட லைன்ல மட்டும் பதினொரு புள்ளைகள். வாட்டுல கட்டில் இல்ல. நிலத்துல பாய் போட்டிருக்கு.”

கலீல் வீட்டுக்குப் போய், வாசலில் இருந்த காலிங் பெல் சுவிச்சைக் கழற்றினார்.

“இனி ஆரும் வந்தா எப்பிடித் தெரியிற?” என்று றுக்கியா கேட்டாள்.

“ஆரு வாறா நம்மட வீட்டுக்கு?”

அந்தச் சுவிச்சை அவர் மருந்துப் பம்பில் கட்டினார். மீற்றரின் கண்ணாடிக்குள் ஒரு சிவப்பு ஊசி இருந்தது. இருபத்தைந்து லீற்றருக்கு ஒரு சுற்று. ஊசி ஒரு சுற்று முடிக்க, இவர் சுவிச்சை ஒரு அழுத்து. பம்பு ‘டக்’ என்றது. எட்டு, ஒன்பது விநாடிக்கு ஒருதடவை. காலை ஐந்து மணியிலிருந்து பதினொன்று வரை, பின்னேரம் மூன்றிலிருந்து எட்டு வரை தண்ணீர் ஓடும். அந்தப் பதினொரு மணித்தியாலமும் கலீல் முக்காலியில் இருந்து ஊசியைப் பார்த்தார். தும்மல் வந்தால் அடக்கினார். மூத்திரம் வந்தாலும் அடக்கினார்.

தொழுகை நேரத்துக்கு றுக்கியா வந்தாள்.

“ஊசி சுத்தி முடியக்குள்ள அமத்தணும் புள்ள. முந்தியும் அமத்தாத, பிந்தியும் அமத்தாத.”

“முப்பத்திரெண்டு வருசமா ஒங்களுக்கு ரொட்டி சுடுறன். எது எப்ப எண்டு எனக்குத் தெரியும். நீங்க போய் ஒழுங்காத் தொழுங்க. பேத்திக்கும் சேத்து.”

மூன்றாம் நாள் அவர் குழாயடியில் ஒரு போத்தல் தண்ணீர் பிடித்துச் சோதனைக் குளிசையைப் போட்டார். குளோரின் இருந்தால் தண்ணீர் ரோசா நிறமாகும். ஆனது. ஆஸ்பத்திரியில் புதிதாகப் பாய் போடவில்லை என்று சனூஸா சொன்னாள். அம்ராவைப் போய்ப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. போனால் இருநூற்றுப் பதினான்கு வீட்டுக்கும் ஊசி சும்மா சுற்றும்.

மாத முடிவில் நான்கு பிரிவும் நான்கு எண்ணிக்கை கொடுத்தன. முறைவைத்துக் கேட்டதால் அப்படித்தான் வரும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. மருந்துப் பம்பில் அது எத்தனை தடவை தட்டியது என்று காட்டும் சிறிய எண் ஒன்று இருந்தது. அதை இருபத்தைந்தால் பெருக்கிப் பார்த்தால் தண்ணீர்த் தாங்கியில் குறைந்த அளவோடு சரியாக நின்றது. காரணம் தேடி ஞானசேகரமும் நான்கு பிரிவுத் தலைவர்களும் பம்பு அறைக்கு வந்தார்கள். முக்காலியில் இருந்து காலிங் பெல் அடித்துக்கொண்டிருந்த கலீலைக் கண்டார்கள்.

வேலை போய்விட்டது என்று கலீல் நினைத்தார். ஆனாலும் ஊசியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இது நல்லாயிருக்கே,” என்றார் ஞானசேகரம்.

ஒரு கிழமைக்குள் அவர் முன்னால் ஒரு பலகை வைக்கப்பட்டது. பலகையில் ஐந்து சுவிச். ஒவ்வொரு சுவிச்சிலிருந்தும் ஒவ்வொரு கருவிக்குத் தனித்தனி வயர். ஊசி ஒரு சுற்று முடிக்க, ஐந்து விரலாலும் ஒன்றாக அழுத்தவேண்டும். மருந்துப் பம்புக்குப் பெருவிரல். ஆட்காட்டி விரலை வருமானப் பிரிவு எடுத்துக்கொண்டது. சின்னவிரல் கிடைத்த மக்கள் தொடர்புப் பிரிவு எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தது.

“பெட்டி வாங்கினா இதத்தான் சேர் செய்யும்,” என்றார் கலீல். “ஒண்ட வாங்கி அஞ்சாக் குடுக்கும்.”

“நீங்களே செய்யேக்க பெட்டி எதுக்கு?”

எந்தப் பிரிவும் களவாக மீற்றரில் நேரே வயர் கட்டிப் பல்ஸ் எடுத்துவிடக்கூடாது என்று, மீற்றரின் வயர் முடியும் இடத்துக்கு ஒரு மூடி போட்டு, நான்கு பிரிவும் நான்கு ஈய முத்திரை குத்தின. முத்திரையை வெட்டுகிறவருக்குச் சிறை என்று பக்கத்துச் சுவரில் மூன்று மொழியில் எழுதி ஒட்டினார்கள்.

அடுத்த நாள் பொருட்பதிவு உத்தியோகத்தர் கமலேஸ்வரி பெரிய பதிவேட்டோடு வந்தாள். அன்புவழிபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவள். சபையில் கலீலுக்கு வணக்கம் சொல்லும் ஒரே ஆள்.

“கோவிக்காதேங்கோ நானா. ஒரு கருவியோட நிரந்தரமா இணைச்சிருக்கிற எல்லாத்துக்கும் நம்பர் போடவேணும். விதி அப்பிடி.”

“எனக்கா மிஸ்?”

“உங்களுக்கில்லை. பிரிப்புக் கருவிக்கு.”

“அது ஆரு?”

கமலேஸ்வரி அவருடைய கையைப் பார்த்தாள். பிறகு சட்டைப் பையில் ஒரு ஸ்ரிக்கரை ஒட்டினாள். உருப்படி 47. கழற்றக்கூடிய உறையின்மேல் இலக்கம் இடப்பட்டிருப்பதாகக் கணக்காய்வு ஆட்சேபித்தது. ஆகவே இடது மணிக்கட்டில் மார்க்கரால் எழுதினாள். ஐந்து நேரமும் தொழுகைக்காகக் கை கழுவி ஒளூச் செய்ததில் அது மூன்று நாளில் அழிந்துபோனது. கிழமைக்கு இரண்டு தரம் வந்து திரும்ப எழுதினாள். எழுதும்போது அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

அம்ராவை ஆஸ்பத்திரியில் இருந்து விட்டுவிட்டார்கள். எலும்பும் தோலுமாக இருக்கிறது, ஒருக்கா வந்து பாருங்கள் என்று சனூஸா அழுதாள். கலீல் அரைநாள் லீவு கேட்டு எழுதினார். பதில் மூன்று நாளில் வந்தது. சபையில் எந்தக் கடிதத்துக்கும் அவ்வளவு விரைவில் பதில் வந்ததில்லை.

‘கருவிகளுக்கு லீவு வழங்க ஏற்பாடு இல்லை. எனினும் உருப்படி 47ஐப் பராமரிப்புக்காகத் தற்காலிகமாகக் கழற்றலாம். இதற்கு நான்கு பிரிவுத் தலைவர்களின் கையொப்பமும் தேவை.’

மூன்று பேர் கையொப்பமிட்டார்கள். நான்காமவர் லீவில் இருந்தார்.

கடைசியில் சனூஸாதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பம்பு அறைக்கு வந்தாள். கலீலுக்கு வலது கை ஓய்வில்லை. இடது கையால் பிள்ளையின் தலையைத் தடவினார். தலை சூடாக இல்லை என்று கண்டு, அந்தக் கையை எடுக்காமல் வைத்திருந்தார். அம்ரா குனிந்து, பலகையில் ஆட்காட்டி விரல் சுவிச்சை மூன்று தரம் தட்டியது.

“சிரிக்கிது வாப்பா,” என்றாள் சனூஸா. “ஒரு மாசத்துக்குப் பொறகு இப்பதான் சிரிக்கிது.”

எழுபத்தைந்து லீற்றர் தண்ணீர் மேலதிகமாக எப்படி வந்தது என்று வருமானப் பிரிவு விளக்கம் கேட்டது. ‘கருவியில் புறத் தலையீடு’ என்று கமலேஸ்வரி பதிவேட்டில் எழுதி, விசயத்தை முடித்துவைத்தாள்.

இப்படி மூன்று மாதம் போனது. கலீலின் விரல்கள் நித்திரையிலும் எட்டு விநாடிக்கு ஒருதடவை துடித்தன. பிறகு அந்தக் கடிதம் வந்தது.

வருடத்துக்கு ஒருமுறை எல்லா அளவுக் கருவிகளையும் கொழும்புக்கு அனுப்பிச் சரிபார்க்கவேண்டும். உருப்படி 47ஐ நாளை அனுப்ப ஏற்பாடாகியுள்ளது. மூன்று கிழமை பிடிக்கும்.

கலீல் மூன்றாம் மாடிக்கு ஓடினார். பதினொரு மணி, தண்ணீர் நின்ற நேரம்.

“சேர், மூணு கிழமைக்கு ஆரு அமத்துற?”

“ஒருத்தரும் அமத்தத் தேவையில்லை. அதைப் பற்றி யோசிக்காதேங்கோ. நாலு பிரிவும் போன மாதச் சராசரியை எழுதும்.”

“மருந்துப் பம்பு?”

“அது என்ன அறிக்கை அனுப்புறது?”

“அறிக்கை இல்ல சேர். மருந்து.”

“அறிக்கை இல்லையெண்டால் சராசரி போட ஏலாதே,” என்றார் ஞானசேகரம். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

“அப்ப என்ட பொஞ்சாதிய இருத்திட்டுப் போறன். அவக்கு அமத்தத் தெரியும்.”

“அவ பதிவேட்டில இருக்கிறாவா?”

“இல்ல சேர்.”

“பதிவில்லாத கருவியைப் பாவிக்க விட்டால் என்ர கதிரை போயிடும் றஹ்மான். என்ர நிலைமையையும் கொஞ்சம் யோசியுங்கோ.”

கலீல் பம்பு அறைக்கு வந்தபோது றுக்கியா சாப்பாட்டோடு இருந்தாள். அவர் அலுமாரியைத் திறந்து வெட்டுக் குறடு ஒன்றை எடுத்தார். மீற்றரின் முன்னால் குந்தினார். நான்கு முத்திரையும் கண்ணுக்கு நேரே தொங்கின.

“இதுக்கு உள்ளுக்குப் போடுவாங்களா?” என்றாள் றுக்கியா.

“போடுவாங்க.”

“எத்தின வருசம்?”

“தெரியா.”

அவள் சோற்றுப் பார்சலை அவிழ்த்தாள். “அப்ப சோத்தத் திண்டுட்டு வெட்டுங்க. உள்ளுக்கு என்ன குடுப்பாங்களோ.”

அவர் தின்றார். கை கழுவினார். வருமானம், திட்டமிடல், பாதுகாப்பு, மக்கள் தொடர்பு என்று ஒவ்வொன்றாக வெட்டினார். ஈயம் மெழுகு மாதிரி வெட்டுப்பட்டது. மூடியைக் கழற்றி, மீற்றரின் வயரை மருந்துப் பம்போடு மட்டும் கட்டினார். ஐந்து வருடத்துக்கு முன் எப்படி இருந்ததோ அப்படி. பிறகு மூடியைப் பழையபடி வைத்து, வெட்டிய முத்திரைகளை அதன் மேல் அடுக்கினார்.

மூன்று மணிக்குத் தண்ணீர் திறந்தது. கலீல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

டக்.

றுக்கியா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

டக்.

அடுத்த நாள் அவரை லொறியில் கொழும்புக்கு அனுப்பினார்கள். கடதாசிப் பெட்டி அளவு போதாதபடியால் முன் இருக்கையில் போனார். அங்கே இருபது பாகையில் குளிரூட்டிய அறையில், தராசுகளுக்கும் வெப்பமானிகளுக்கும் நடுவில் பத்தொன்பது நாள் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தரம் கதவு திறக்கும்போதும் பொலிஸ் என்று எழும்பி நின்றார். வந்தது எப்போதும் தேத்தண்ணிக்காரர்தான். கடைசியில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். பிழை நூற்றுக்குப் பூச்சியம் தசம் மூன்று. ஈரம் படாமல், நிமிர்த்தி வைக்கவும்.

திரும்பி வந்து, முத்திரை விசயம் வெளிப்பட்டிருக்கும், பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு மாதாந்தக் கூட்டத்துக்குப் போனார். ஞானசேகரம் பேசிக்கொண்டிருந்தார்.

“நாலு பிரிவும் ஒரே எண்ணிக்கை. ஒரு லீற்றர் வித்தியாசமில்லை. இருபத்திரெண்டு வருசச் சேவையில இப்பிடியொரு ஒற்றுமையை நான் காணேல்லை. இதுக்கு ஒரே காரணம், இந்த மாதம் முழுக்கக் கருவியள் இடையில குழப்பாமல் இருந்ததுதான்.”

எல்லோரும் கைதட்டினார்கள். வாசற்பலகையில் இருந்த எண் மூன்று கிழமையாக நகரவில்லை. புல்மோட்டையிலிருந்து சுற்றுலா வந்த பாடசாலைப் பிள்ளைகள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

“இனி நான் அமத்தவா சேர்?” என்று கலீல் மெல்லக் கேட்டார்.

“வேண்டாம். நீங்கள் அமத்தினால் வித்தியாசம் வரும்.”

அவர் பம்பு அறையில் முக்காலியில் இருந்தார். வேலையில்லை. பம்பு தானாகத் தட்டியது. முத்திரைகள் மூடியின் மேல் தூசி பிடித்துக் கிடந்தன. யாராவது வந்து ஒரு விரலால் தட்டினாலே விழுந்துவிடும். அதனால் அவர் அந்த மூலையைக் கூட்டுவதைக்கூட விட்டுவிட்டார்.

மார்கழியில் பொருட் கணக்கெடுப்புக் குழு வந்தது. வருடா வருடம் வரும். மூன்று பேர், கையில் பதிவேடு, பின்னால் கமலேஸ்வரி. மேசை இருக்கிறதா, இருக்கிறது. மின்விசிறி இருக்கிறதா, இருக்கிறது, சுற்றாது. கதிரை இரண்டு, கால் இல்லை. உருப்படி 47.

“இருக்குது,” என்றாள் கமலேஸ்வரி.

“வேலை செய்யுதா?” என்று குழுத் தலைவர் கேட்டார்.

கலீல் மூலையைப் பார்த்தார். செய்கிறது என்றால் செய்து காட்டச் சொல்வார்கள். செய்து காட்டினால், மருந்துப் பம்பு இவர் அழுத்தாமலே தட்டுவதைக் காண்பார்கள். மீற்றருக்குப் போவார்கள். மூடியைத் தொடுவார்கள். புதிதாக நாலு முத்திரை குத்துவார்கள். பிறகு பழையபடி வாட்டில் நிலத்தில் பாய்.

“இல்ல சேர்,” என்றார். “வேலை செய்யிறல்ல.”

“எவ்வளவு காலமா?”

“மூணு மாசம்.”

“திருத்தலாமா?”

“ஏலா சேர்.”

தலைவர் எழுதினார். பாவனைக்கு உதவாதது. மீட்கக்கூடிய உலோகம்: பல்லில் சிறிதளவு. சிபாரிசு என்ற இடத்தில் அழித்தல், ஏலம் என்று இரண்டு சொல் இருந்தது. அவர் பேனையைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கமலேஸ்வரி குனிந்து, “ஏலத்தில போடுங்கோ சேர், எங்களிட்ட எரிக்கிறதுக்கு அனுமதி முடிஞ்சுபோச்சு,” என்றாள்.

ஏலம் சபை முற்றத்தில் நடந்தது. மூன்றாம் தொகுதி: சுற்றாத மின்விசிறி ஒன்று, காலில்லாத கதிரை இரண்டு, உருப்படி 47. கலீல் கதிரைகளுக்குப் பக்கத்தில் நின்றார். மூதூரிலிருந்து வந்த பழைய இரும்பு வியாபாரி ஆதம்பாவா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. நீங்க இதுக்குள்ளயா?”

“வஅலைக்கும் ஸலாம். ஓம்.”

“நான் பேனுக்குத்தான் வந்தன். ஒங்கள நிறுக்க ஏலாதே.”

முதல் விலையை ஆதம்பாவா சொன்னார். கூட்டத்தின் பின்னாலிருந்து றுக்கியா அதற்கு மேல் சொன்னாள். ஆதம்பாவா திரும்பி றுக்கியாவைப் பார்த்தார்.

“ராத்தா, பேனுக்கா கேக்கிறீங்க, ஆளுக்கா?”

“ஆளுக்கு. பேன நீங்க எடுத்துக்கோங்க.”

“அப்ப நான் விட்டுட்டன்,” என்றார் ஆதம்பாவா. ஏலம் முடிந்தது. வாங்கியவர் பொருளை இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் அகற்றவேண்டும் என்று ஞானசேகரம் நினைவூட்டினார். பிறகு கலீலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“நீங்கள் நல்லா உழைச்ச கருவி றஹ்மான். சபை மறக்காது.”

வெளியேறும் துண்டை எழுதிக்கொடுக்கும்போது கமலேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள்.

“நானா, கழிச்ச பொருளுக்குப் பதில் புதுசு வாங்கலாம் எண்டு விதியிருக்குது. அதுக்குப் படிவமும் இருக்குது. உங்கட பேரில அந்தப் பெட்டிக்கு ஓடர் போட்டிட்டன். சவுக்காரக் கட்டியளவு எண்டு சொன்னியள், அதேதான்.”

கலீல் நின்றுவிட்டார். வருடம் முழுக்கக் கேட்டது. கிடைத்தும்விட்டது.

“நல்ல விசயம் மிஸ். ஆனா கவனம். முதல்ல பெட்டிய மீற்றர்ல கட்டணும். பொறகு பெட்டியிலதான் அஞ்சையும் கட்டணும். மாத்தி நேர மீற்றர்ல கட்டினாங்களெண்டா பழைய கதைதான். மருந்து நிண்டுரும். கட்டுற ஆளுக்குச் சொல்லுங்க.”

“ஆருக்குச் சொல்லுறது?” என்றாள் கமலேஸ்வரி. “கட்டத் தெரிஞ்ச ஒராளைத்தானே இப்ப ஏலத்தில வித்தனாங்கள்.”

வாசலில் காவலாளி துண்டைப் பார்த்து எண்ணினார். கதிரை இரண்டு, உருப்படி ஒன்று. சரி. ஓட்டோவில் கதிரைகளை மடியில் வைத்துக்கொண்டு கலீல் பின்னால் திரும்பிப் பார்த்தார். சிவப்புப் பலகையில் அதே எண் நின்றது. பம்பு அறையின் சத்தம் றோட்டுக்குக் கேட்காது.

இப்போது அவர் மகள் வீட்டில்தான் இருக்கிறார். மின்சார வேலைக்கு யாரும் கூப்பிடுவதில்லை. சபையில் கழித்த ஆள் என்று சொல்கிறார்கள். ஒவ்வொரு நாளும் பின்னேரம் மூன்று மணிக்குக் குழாயைத் திறந்து, சின்னப் போத்தலில் தண்ணீர் பிடித்து, குளிசை போட்டு, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். அம்ரா தத்தித் தத்தி நடந்து வந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கும்.

இன்றைக்கும் ரோசா நிறம் வந்தது.

“அடுப்ப மூட்டு மகள்,” என்றார். “புள்ளைக்குக் குளிக்க வாக்கிற தண்ணியையும் கொதிக்க வை.”

“ஏன் வாப்பா, நெறம் வந்திருக்கே.”

“இண்டைக்கு வந்திருக்கு. அந்தப் பெட்டிய எப்பக் கொண்டுவந்து மாத்திக் கட்டுவாங்களோ.”